மீட்டர் சாரின் கண்கள்

“மேசையை எல்லாம் எடுத்துடப் போறாங்களாம்” என்றாள் புகாரக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“எடுத்துட்டு? எல்லாரும் தரையில உக்காரணுமா?” என்றார் கணவர்.

“நாற்காலி உண்டு. மூஞ்சியில ஒரு பெட்டியை மாட்டிக்கணுமாம். மேசை, ஃபைல், ட்ரே எல்லாம் அதுக்குள்ள தெரியுமாம். கையை நீட்டி எடுக்கணும், வைக்கணும்.”

“இல்லாத மேசையிலயா?”

“இல்லாத மேசையிலதான்.”

“அதுக்கு ரெண்டு கண்ணும் வேணுமே” என்றார் அவர்.

புகாரக்கா கைகழுவப் போனாள். அவளுடைய இடது கண் பார்வை போய்ப் பதினாலு வருஷம். உள்ளே நரம்பு வாடிவிட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர் கணவர் மட்டும். வெளியே பார்த்தால் கண் கண்ணாகத்தான் இருக்கும். ஆகவே விஷயம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு அவளுடையது. தண்ணீர் வரவில்லை, வந்தது நாறுகிறது, வராத தண்ணீருக்கு மீட்டர் மட்டும் ஓடுகிறது என்று வருகிற காகிதங்களைப் படித்து, முத்திரை குத்தி, ஏழு ட்ரேயில் ஒன்றில் போட வேண்டும். இருபத்தாறு வருஷமாகப் போடுகிறாள். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. புகாரக்கா என்றால் வாசலில் சைக்கிள் விடுகிறவருக்கும் தெரியும்.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. ட்ரே கிட்டத்தில் இருக்கிறதா எட்டத்தில் இருக்கிறதா என்று தெரிய, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்டிப் பார்த்துக்கொள்வாள். எதிரே நின்று குறை சொல்கிறவர்கள், தாங்கள் சொல்வதற்குத்தான் அவள் தலையாட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த அலுவலகத்திலேயே இரக்கமான ஆள் என்று அவளுக்குப் பெயர்.

“பேசாம உண்மையைச் சொல்லிடேன்” என்றார் கணவர் சாப்பிடும்போது.

“சுற்றறிக்கையைப் படிச்சுக் காட்டவா? இரு கண்களாலும் கருவியைப் பயன்படுத்த இயலாதவர்கள் மருத்துவக் குழுவின் பரிந்துரைப்படி விருப்ப ஓய்வு பெறுவர்.”

“யாரோட விருப்பம்?”

“அது போடல.”

“வாயேன் வீட்டுக்கு. நானும் தனியாத்தானே இருக்கேன்.”

புகாரக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டில் அவருக்குப் பயணிகள் இல்லை, அவள் ஒருத்திதான். சமையலறையில் நின்றால் “உள்ள போங்க, உள்ள போங்க, வழியை மறிக்காதீங்க” என்பார். குழம்பு கொதித்தால் “ஹோல்டான்” என்பார். அவளுக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் பாக்கி. அந்த நாலு வருஷத்தை எழுநூறு புகார்க்காரர்களோடு கழிப்பதா, ஒரு கண்டக்டரோடு கழிப்பதா என்பதுதான் கேள்வி. அவள் ரொம்ப யோசிக்கவில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவர் எதைக் கேட்டாலும் “ரொம்ப சிம்பிள்” என்றார். மதியத்துக்குள் அவருக்கு சிம்பிள் சார் என்று பெயர் விழுந்துவிட்டது.

“உங்க மேசையில என்ன வேணும்னு சொல்லுங்க, உள்ள வச்சுத் தர்றேன். பூச்செடி வேணுமா? ஜன்னல்? கடல்? ரொம்ப சிம்பிள்.”

ஒருவர் கடல் கேட்டார். ஒருத்தி தன் குழந்தை படம் கேட்டாள். மேலாளர் இன்னும் கொஞ்சம் பெரிய மேசை கேட்டார்.

“ஃபேன்” என்றாள் புகாரக்கா.

“அக்கா, அதுல காத்து வராது.”

“காத்துக்குக் கேக்கல.”

கொஞ்ச நேரம் கழித்து எதிர் சீட்டில் இருந்த மீட்டர் சாரும் ஃபேன் கேட்டார். சிம்பிள் சார் ஒன்றும் புரியாமல் குறித்துக்கொண்டார்.

புரிய அவர் பதினோரு வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டும். மீட்டர் புகார்களைப் பார்க்கிற அந்த மனிதர் அப்போது மாற்றல் விண்ணப்பம் எழுதினார். சொந்த ஊருக்குப் போய் அம்மாவைக் கிட்டே இருந்து பார்த்துக்கொள்வதற்காக. மூன்று நாள் உட்கார்ந்து முத்து முத்தாக எழுதி, கடைசித் தேதியன்று மேசையில் விரித்து வைத்திருந்தார். புகாரக்காவின் இடது முழங்கை அவளுடைய டீயை அதன்மேல் கொட்டியது.

“கவனிக்கல” என்றாள் அவள்.

“ரெண்டு கண்ணு எதுக்கு வச்சிருக்கீங்க?” என்றார் அவர்.

அதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லாததை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இருவரும் நேரே பேசுவதில்லை. ஆனால் எதிரெதிர் சீட், வேலை நடக்க வேண்டும். ஆகவே மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துப் பேசுவார்கள்.

“மீட்டர் புகார் மூணு என் ட்ரேயில வந்து கிடக்கு” என்று அவள் ஃபேனிடம் சொல்வாள்.

“எடுத்துக்கிட்டாச்சு” என்று அவர் ஃபேனிடம் சொல்வார்.

ஃபேன் இல்லாத அறையில் வேலை ஓடாது. அதைத்தான் இருவரும் கேட்டார்கள்.

பெட்டி மாட்டுகிற முதல் நாள் வந்தது. அதைத் தலையில் ஏற்றினாள் புகாரக்கா. உள்ளே ஒரு குரல்: “வலது கண்ணால் புள்ளியைப் பாருங்கள்.” பார்த்தாள். “இடது கண்ணால் புள்ளியைப் பாருங்கள்.” எங்கே பார்ப்பது? சிவப்பு விளக்கு வந்தது. மறுபடி. மறுபடி சிவப்பு.

“தினமும் காலையில இப்படிக் கண்ணைப் பதிவு பண்ணாத்தான் உள்ள இருக்கிற மேசை திறக்கும்” என்று சிம்பிள் சார் அங்கே யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். “பதினோரு பேரும் பச்சை ஆனதும் சாப்பிடப் போகலாம்.”

பத்துப் பேர் பச்சை. மணி ஒன்றே முக்கால்.

“சிலருக்கு ஒரு புள்ளியைப் பார்க்கத் தெரியல” என்றார் மீட்டர் சார் ஃபேனிடம். “மத்தவங்க வயிறு காயுது.”

புகாரக்கா பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சிம்பிள் சார் அவள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார். இன்னும் நாலு எட்டு. வந்தால் கேட்பார், கேட்டால் தெரிந்துவிடும்.

மடியிலிருந்த பெட்டி சட்டென்று காணாமல் போனது. மீட்டர் சார் அதைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டி, வலது புள்ளியைப் பார்த்து, இடது புள்ளியைப் பார்த்து, பச்சையானதும் திரும்ப அவள் மடியில் போட்டார். தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“பதினொண்ணும் பச்சை!” என்றார் சிம்பிள் சார். “சொன்னேனே, ரொம்ப சிம்பிள்.”

மறுநாள் காலையிலும் அதே கதை. அதற்கு மறுநாள் மீட்டர் சார் ஃபேனிடம் குறை சொல்லக்கூட இல்லை. வந்ததும் தன் பெட்டி, அப்புறம் அவள் பெட்டி, அப்புறம் வெற்றிலைக்கு ஏங்குகிறவர் மாதிரி ஒரு பெருமூச்சு. இந்த அம்மாவுக்கு மூளை இவ்வளவுதான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அவள் அதை மறுக்கவில்லை. முட்டாள் என்ற பெயர் விருப்ப ஓய்வைவிடத் தேவலை.

உள்ளே வேலை அவளுக்குச் சீக்கிரமே படிந்துவிட்டது. மற்றவர்கள்தான் தடுமாறினார்கள். அந்தரத்தில் தொங்குகிற புகாரைப் பிடிக்கப் போய்ப் பக்கத்து ஆளின் காதைப் பிடித்தார்கள். முதல் வாரத்தில் நாலு பேர் இல்லாத மேசையில் டீ கிளாஸை வைத்துத் தரையைத் துடைத்தார்கள். புகாரக்கா எதையும் வைக்குமுன் கையால் தடவிப் பார்க்கிறவள். அவள் கிளாஸ் உடையவில்லை. தூரம் தெரிய தலையை ஆட்டினாள், வைத்தாள், ஆட்டினாள், வைத்தாள்.

“அக்கா, நீங்க எப்படித் தப்பே பண்ணாம போடுறீங்க?” என்று கேட்டார் சிம்பிள் சார்.

“தலையை ஆட்டிப் பார்த்துப் போடுறேன்.”

அவர் குறித்துக்கொண்டார். மறுநாள் எல்லோருக்கும் அதுவே பாடம். அந்த வாரம் பார்வையிட வந்த மேலதிகாரி, கறுப்புப் பெட்டி மாட்டிய பதினோரு பேர் வெறும் நாற்காலிகளில் உட்கார்ந்து ஒன்றுக்கும் இல்லாமல் தலையாட்டிக்கொண்டிருப்பதை வாசலிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே வராமலே போய்விட்டார். நல்லபடியாக நடக்கிறது என்று எழுதி அனுப்பினார்.

மாதம் முடிந்தது. மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டார். கையில் ஒரு காகிதம், மேசையில் ஒரு ஃப்ளாஸ்க். அந்த அலுவலகத்தில் மிச்சமிருந்த ஒரே நிஜ மேசை அவருடையதுதான்.

“ஒரு சந்தோஷம், ஒரு வருத்தம்” என்றார். “கருவி தானே எழுதின அறிக்கை இது. மீட்டர் சார் இந்த மாசம் ஒரே நாள்ல பதினாறு மணி நேரம் வேலை பார்த்திருக்கார். ஒரு நாள் இல்ல, இருபத்திரண்டு நாளும். அதுவும் ஒரே நேரத்துல ரெண்டு மேசையில. மீட்டர் புகாரும் பார்த்து, பொதுப் புகாரும் பார்த்திருக்கார். இந்த ஃப்ளாஸ்க் அவருக்கு.”

யாரும் கைதட்டவில்லை. மீட்டர் சார் தன் ஆயுசில் பதினாறு மணி நேரம் விழித்திருந்ததாகக்கூட யாருக்கும் ஞாபகம் இல்லை.

“வருத்தம் என்னன்னா, புகாரக்கா இருபத்திரண்டு நாளா வேலைக்கே வரல.”

“வந்தேனே சார்” என்றாள் அவள். “உங்களுக்குத் தினமும் வணக்கம் சொன்னேனே.”

“சொன்னீங்க, நானும் சொன்னேன். ஆனா அறிக்கையில வரல. ஒரு தடவைகூட உங்க கண் பதிவாகல. இருபத்திரண்டு நாள் விடுப்புச் சொல்லாம வராம இருந்தா, சீட்டை விட்டதா அர்த்தம். நான் என்னம்மா பண்றது?”

மேலே நிஜ ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டர் சார் அதை அண்ணாந்து பார்த்தார்.

“சிலருக்குப் புள்ளியைப் பார்க்கத் தெரியாததால வேற ஒருத்தர் பார்த்துக் கொடுத்தார்” என்றார் ஃபேனிடம். “வேலை அவங்க பார்த்ததுதான். ஃப்ளாஸ்க் வேண்டாம்.”

“ஒரு புள்ளியைப் பார்க்கவா தெரியல?” என்றார் மேலாளர். “மாசம் பூராவா? சிம்பிள் சார், இவங்களை இப்பவே என் முன்னால பதிவு பண்ணவைங்க.”

பெட்டி வந்தது. அதைக் கையில் வாங்கியபோது புகாரக்காவுக்குச் சமையலறை ஞாபகம் வந்தது. உள்ள போங்க, உள்ள போங்க. மாட்டிக்கொள்ளாமல் அதைத் திரும்ப நீட்டினாள்.

“பார்க்கத் தெரியும் சார். பார்க்க முடியாது. இடது கண் பார்வை இல்ல. பதினாலு வருஷமாச்சு.”

மேலாளர் ஃப்ளாஸ்க்கைப் பார்த்தார். கடல் கேட்டவர் தரையைப் பார்த்தார்.

“ஒரு கண்ணா?” என்றார் சிம்பிள் சார். “அதுக்கு செட்டிங்ஸ்ல மூணாவது பக்கத்துல ஒரு கட்டம் இருக்கே. ‘ஒரு கண் மட்டும்’னு. டிக் பண்ணா முடிஞ்சுது.”

“என்னது?”

“ரொம்ப சிம்பிள்.”

“முதல் நாளே ஏன்யா சொல்லல?” என்றார் மேலாளர்.

“யாரும் கேக்கல சார். சுற்றறிக்கையில ரெண்டு கண்ணும் வேணும்னு போட்டிருந்தீங்க. உங்க ஆபீஸ் வழக்கம் போலன்னு நினைச்சேன்.”

சுற்றறிக்கையை எழுதியவர் மேலாளர். செட்டிங்ஸை முதல் பக்கத்தோடு பார்த்து நிறுத்திவிட்டு எழுதியவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதை எடுத்து மறுபடி படித்தார்.

“பயன்படுத்த இயலாதவர்கள்னுதானே போட்டிருக்கு. இவங்க மாசம் பூரா பயன்படுத்தியிருக்காங்க. அறிக்கையே சாட்சி. அப்போ இவங்க இயன்றவங்க.” பேனாவை எடுத்தார். “வருகைக்கு மட்டும் ஏதாவது காரணம் எழுதணும்.” கொஞ்சம் யோசித்து, ‘வந்திருந்தார், கண் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாருடைய கண் என்று போடவில்லை.

மறுநாள் காலை சிம்பிள் சார் மூன்றாவது பக்கத்தைத் திறந்து டிக் போட்டார். ஒரே ஒரு புள்ளி வந்தது. பார்த்தாள். பச்சை. உள்ளே அவளுடைய மேசை, ஏழு ட்ரே, மேலே காற்று வராத ஃபேன். எதிரே மீட்டர் சார் தன் ட்ரேயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“பதினாலு வருஷம்” என்றார் ஃபேனிடம். “அப்போ அந்த டீ?”

“கிளாஸ் இடது பக்கம் இருந்தது” என்றாள் ஃபேனிடம். “தெரியல.”

“சொல்லியிருக்கலாம்.”

“ரெண்டு கண்ணு எதுக்குன்னு கேட்டாங்க. எப்படிச் சொல்றது?”

மூன்று மீட்டர் புகார்கள் அவர் தலைக்கு மேல் வந்து காத்திருந்தன.

“அம்மா அடுத்த வருஷமே போய்ட்டாங்க” என்றார்.

“தெரியும். துக்கத்துக்கு வந்தேன். பின்வரிசையில நின்னேன்.”

“நான் பார்க்கலையே.”

“நீங்களும் பார்க்கல” என்றாள்.

பெட்டியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அவளும் கழற்றினாள். மீட்டர் சார் எழுந்து வந்து, வேண்டாமென்ற பிறகும் மேலாளர் அவர் கையில் திணித்திருந்த ஃப்ளாஸ்க்கை அவளுடைய வலது பக்க ஸ்டூலில் வைத்தார்.

“அக்கா” என்றார், நேரே அவள் முகத்தைப் பார்த்து. “இதுக்கு மூடி இருக்கு. கொட்டாது.”

அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்து, தூரம் பிடித்து, அதை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் வந்த சிம்பிள் சார் இருவரும் பேசுவதைப் பார்த்து நின்றார்.

“அப்போ உள்ள இருக்கிற ஃபேனை எடுத்துடலாமா?”

“இருக்கட்டும்” என்றார்கள் இருவரும்.