சம்பலுக்கு முன்னால் ஒரு சொல்

1

இந்தக் கதை ஒரு போத்தலில் இருந்து வந்தது. கல்முனையில் மாசிச் சம்பல் வாங்கினேன். லேபிளில் 'சம்பல்' என்பதற்கு முன்னால் இருந்த சொல்லை யாரோ கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். மீதி எல்லாம் நான் கட்டியது, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2

மருதமுனையிலே பாசமான இரண்டு சகோதரிகள்
[விட்டுவிட்டேன். பாசம் என்று தொடங்கினால் உங்களுக்கு முடிவு தெரிந்துவிடும்.]

றுஸ்தாவுக்குக் கைப்பக்குவம்; தங்கை சிபானாவுக்கு வாய். மூத்தவள் மாசிக் கருவாட்டை வறுத்து இடிப்பாள், லேபிளில் 'நம்மட சம்பல்' என்று தன் கையாலேயே எழுதுவாள். இளையவள் கடை கடையாய்ப் போய் விற்பாள். நாலு வருடம் இப்படியே ஓடியது. இப்போது கொழும்புக் கடையொன்று மாதம் ஆயிரம் போத்தல் கேட்கிறது, வியாபாரப் பதிவுப் பத்திரத்தோடு.

பிரதேச செயலகத்தில் கோகுலன் என்ற உத்தியோகத்தர் பொறுமையாகச் சொன்னார்: "தனியாளாப் பதியலாம், கூட்டாப் பதியலாம். கம்பெனியெண்டா அது வேற இடம், வேற வேலை. ரெண்டு பேரும் கதைச்சிட்டு வாங்க."

இதில் கதைக்க என்ன இருக்கிறது என்று றுஸ்தாவுக்கு விளங்கவில்லை. கூட்டுத்தானே!

3

(இந்த இடத்தில் சிபானாவைக் கெட்டவளாக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளுடையது உண்மையான பயம்.)

அடுப்பு எரிவது சிபானாவின் சீதன வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அவளுக்கென்று இருப்பதும் அது ஒன்றுதான். அக்காவிடம் சொன்னாள்:

"கூட்டெண்டா ஒராள் மவுத்தானா கலைஞ்சிருமாம் ராத்தா. நாளைக்கு உங்களுக்குப் பொறகு உங்கட புள்ளைகள் வந்து என்ட குசினியில பங்கு கேட்டா? என்ட பேர்ல மட்டும் இரிக்கட்டும். நீங்க இல்லாம எங்கட சம்பல ஆரு செய்யிற?"

எங்கட.

அடிக்குறிப்பு: நமக்கு இரண்டு சொல் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் 'நம்மட'. வெளியே நிறுத்தினால் 'எங்கட'. (சற்று முன் நானும் உங்களை நிறுத்திவிட்டு 'எங்கள் பக்கத்தில்' என்றேன்.) சிபானா யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. தானாக வந்ததுதான் றுஸ்தாவின் நெஞ்சை அறுத்தது.

"அந்த எங்கடக்குள்ள நான் இரிக்கனா?" என்று அவள் கேட்
[இல்லை. கேட்கமாட்டாள்.]

"ஓம் புள்ள, உன்ட பேர்லயே பதி" என்றாள்.

4

முடிவுகள். ஒன்றில் சிபானா மனம் மாறி இரண்டு பெயரையும் எழுதுகிறாள்; மூன்று தரம் எழுதினேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் றுஸ்தா தனியாக அடுப்பு மூட்டுகிறாள். ஆனால் விற்க வாய் வேண்டுமே, அது தங்கையிடம் அல்லவா இருக்கிறது.

எஞ்சியது இதுதான். பத்திரம் கைக்கு வந்த நாளும் றுஸ்தா வழமைபோல் வந்தாள். வறுத்தாள், இடித்தாள். பிறகு அடுக்கியிருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, லேபிளில் ஒரு சொல்லை மட்டும் கறுப்பாக்கினாள்.

"என்ன ராத்தா செய்யிறீங்க?"

"பிழையா எழுதிட்டன் புள்ள."

அதில் ஒன்றுதான் என் மேசையில் இருக்கிறது. சம்பல் நல்ல ருசி. கறுப்புக்கு மேலே இனி என்ன சொல் வரும் என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை. பேனையை உங்களிடம் தருகிறேன், எழுத எனக்குக் கை வரவில்லை.