முதல் முடி

கூச்சிங்கிலிருந்து விமானம் ஏறி, இறங்கிய இடத்தில் வாடகைக் கார் எடுத்து, ஈஜோக்கில் மாமியார் வீடு வந்து சேர்வதற்குள் மாடில்டாவுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. பின்சீட்டில் ஏழு மாதக் குழந்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்து, அவன் அழுகையைச் சமாளித்ததெல்லாம் அவள்தான். புருஷன் ரவீந்திரன் காரை மட்டும் ஓட்டினான். அதற்கே மூன்று தடவை பெருமூச்சு விட்டான்.

கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டுகிறான் என்று மகன் கல்யாணத்துக்கே வராதவர்கள் அவனைப் பெற்றவர்கள். பேரன் பிறந்த பிறகுதான் போன் வந்தது. இன்றைக்குத்தான் பேரனை நேரில் பார்க்கப்போகிறார்கள். பிள்ளையை முன்னிட்டாவது தன்னையும் அந்த வீட்டு மனுஷியாகப் படியேற்றுவார்கள் என்று மாடில்டா நம்பினாள். நம்புவதற்கு என்ன, வரியா கட்டுகிறோம்?

மாமியார் நாகமணி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள்.

"ரவி, நீ மேல ஏறி நில்லு. நீ அங்கயே நின்னு புள்ளய மட்டும் நீட்டிப் புடி."

இரண்டாவது 'நீ' தான்தான் என்று மாடில்டாவுக்குப் புரிந்தது. படிக்குக் கீழே நின்றபடி குழந்தையை நீட்டினாள். பொட்டு வைக்கத் தொப்பியைக் கழற்றிய நாகமணி, தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பிள்ளையின் தலையில் அரை விரல் முடிதான் இருந்தது.

"முதல் முடி எங்க?"

மாமனார் இருசப்பன் எழுந்து வந்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் வேலையில் இருந்தது. பேரன் முதல் முடி தோட்டத்து முனியாண்டிக்கு என்று நேர்ந்திருந்தார். நாளைக்கு மொட்டை. பத்தாங் காலியிலிருந்து சொந்தமெல்லாம் வருகிறது. கொல்லையில் ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"சாமி முடிய எடுத்திருக்க. எங்க சாமின்னா அவ்ளோ எளப்பமா?"

"வேணும்னேதான் செஞ்சிருக்கா. நீ நல்லா இருக்க மாட்ட. இந்தக் குடும்பத்துச் சாபம் ஒன்ன சும்மா விடாது" என்றாள் நாகமணி.

மாடில்டா புருஷனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான்.

நாலாம் மாதம் பிள்ளைக்குத் தலையெல்லாம் வேர்க்குரு. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, "முடிதானே லா" என்று வழித்தவன் இவன். நேர்த்தி ஞாபகம் வந்ததும் பயந்துபோய், வீடியோ காலுக்கெல்லாம் தொப்பி மாட்டினான். ஏசி குளிர் என்றான். வரும் வழியில்கூட, "நான் பேசிக்கிறேன்" என்றான். பேசுவான் என்று பொறுத்துப் பார்த்தாள். அவன் வாய் திறக்கிற வழியாக இல்லை.

"எடுத்தது நான் இல்ல மாமா. உங்க மகன். அவரு தாடி வழிக்கிற மிஷின்ல."

இருசப்பன் மகனைப் பார்த்தார். அவன் தலை குனிந்தான். அவர் முகம் மெல்ல இளகியது.

"அப்பன் கையா? அப்பன் எடுத்தா குத்தமில்ல. முனியாண்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நாகமணிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "சின்னதுலேர்ந்தே இவன் சேட்டைதான். குடு புள்ளய." இரண்டு கையையும் நீட்டினாள்.

இந்தக் கைகளுக்காகத்தான் மாடில்டா கடல் தாண்டி வந்திருந்தாள். இப்போது அவள் கொடுக்கவில்லை. பிள்ளையைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் எடுத்தா சாபம், அவரு எடுத்தா சேட்டையா அத்தை?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு. குடு லா."

"என்னைப் பேசினதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. தரேன்."

நாகமணியின் கை இறங்கியது. "ரவி, ஒன் பொண்டாட்டிக்குச் சொல்லி வையி" என்றார் இருசப்பன்.

ரவீந்திரன் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியாக அவளைப் பார்த்தான். "விடேன் மாடில்டா. கோயில் முடிஞ்சதும் பேசிக்கலாம்."

அவன் யாரை எந்த வரிசையில் பார்த்தான் என்பது அவளுக்குப் போதும். அவன் கையிலிருந்த கார்ச்சாவியைப் பிடுங்கினாள். பிள்ளையைப் பின்சீட்டு நாற்காலியில் வைத்து வாரை மாட்டினாள். யாரும் தடுப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

"சனமெல்லாம் வருதே, நாளைக்கு மொட்ட?" என்று பதறிக்கொண்டு நாகமணி படியிறங்கி வந்தாள்.

மாடில்டா கண்ணாடியை இறக்கினாள். "உங்க மகன்தான் இருக்காரே அத்தை. அவருக்குப் போடுங்க."