படுத்துக்கொள்ளும் கார்

தையற்காரருக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. நிறுத்தினால் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி படுத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் சோம்பல் முறித்து மெல்ல எழும். ஸ்பிரிங் செய்கிற வேலையை அதில் எண்ணெய் செய்தது; பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும்கூட அதே எண்ணெய்தான். அவர் மனைவி டீச்சருக்கோ அந்தக் கார் என்றால் உயிர். அதன் பராமரிப்பில் இன்னொருவர் கைபட விடமாட்டாள்.

அன்று காலை கார் எழவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, ஸ்டியரிங் அசைய மறுத்தது. டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு முறை மக்கர் பண்ணினால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று தம்பியிடம் அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். அவனும் இழுவை வண்டியோடு வந்து கயிறு மாட்டிக்கொண்டிருந்தான்.

"போன வாரம்தான்டா எண்ணெய் ஊத்தினேன்."

"அப்போ பம்ப் போயிருக்கும்க்கா. இத்தோட தலை முழுகு."

"சரி, எடுத்துட்டுப் போ." அவள் காரைப் பார்க்காமல் சொன்னாள்.

தையற்காரர் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், வாங்கிய நாளிலிருந்து பிடித்த சனி ஒழியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே போய், தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டில் பச்சை எண்ணெயோடு வந்தார்.

"நேத்து உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு எண்ணெய் டாங்க்கைத் திறந்து பாத்தேன். அளவுக் கோட்டுக்கு மேல நின்னுது. அதிகமானதை உறிஞ்சி எடுத்துட்டேன். எண்ணெய் கெடல, பாட்டில் புதுசுதான்."

"கார் படுத்திருக்கும்போதா பாத்தீங்க?"

"அது எப்பவும் படுத்துத்தானே கிடக்கு."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உக்காந்திருக்கிற ஆளுக்கு பேண்ட் அளவு எடுப்பீங்களா?"

"அதெப்படி? நிக்க வெச்சுத்தான்..." பாதியில் அவருக்கே புரிந்துவிட்டது.

"படுத்தா எண்ணெயெல்லாம் டாங்க்குக்குத் திரும்பி வந்துடும். நிக்கும்போது பாத்தாத்தான் சரியான அளவு."

எண்ணெயை ஊற்றி, குழாயில் புகுந்த காற்று போகத் திருகாணியைத் தளர்த்தி இறுக்கி, இன்ஜினை ஓடவிட்டாள். முதலில் பின்பக்கம் எழுந்தது, பிறகு முன்பக்கம். சிவப்பு விளக்கு அணைந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தம்பி கயிற்றைப் பிடித்தபடி கேட்டான். "வாக்குன்னா வாக்குதானேக்கா?"

"மக்கர் பண்ணினது கார் இல்லடா, உங்க மாமா. வேணும்னா அவரை இழுத்துட்டுப் போ."

தையற்காரர் சட்டென்று காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.