சுருக்கிய படம்

அண்ணனின் காலில் புண் வருவதற்கு முன்பே, புண்ணைப் படம் எடுத்து அனுப்பும் இணையப் பக்கத்தைத் தம்பி எழுதி முடித்திருந்தான். ஒரு மருத்துவமனைக்காக அவன் கம்பெனி எடுத்துச் செய்த வேலை. நோயாளி வீட்டிலேயே இருக்கலாம். செல்போனில் பக்கத்தைத் திறந்தால் கேமரா வரும். வட்டத்துக்குள் புண்ணைக் காட்டி அழுத்தினால் படம் சர்வருக்குப் போகும், பச்சை டிக் விழும். டாக்டர் தன் அறையிலிருந்தே பார்த்து ஒரு வரி எழுதுவார்.

அண்ணனுக்குச் சர்க்கரை. செருப்பு கடித்த இடம் ஆறவில்லை. அந்த மருத்துவமனையில் சேர்த்துவிட்டது தம்பிதான்.

"தினமும் அலைய வேண்டாம் அண்ணி. உக்காந்த இடத்துலேர்ந்தே காட்டிடலாம்."

அண்ணி காலையில் புண்ணைக் கழுவி, கட்டுப் போடுவதற்கு முன் படம் எடுப்பாள். அண்ணன் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு பேசுவான்.

"என் மூஞ்சிய இவ்வளவு ஆசையா யாரும் படம் எடுத்ததில்ல. காலு குடுத்து வச்சிருக்கு."

"ஆடாம இருங்க. மூஞ்சிய அனுப்பினா டாக்டர் வேலைய விட்டுட்டுப் போயிடுவாரு."

அலுவலகத்தில் வேறு பிரச்சினை. படங்கள் பெரியவை. சிக்னல் குறைந்த வீடுகளில் படம் போகாமல் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலாளர் தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சுத்துது சுத்துதுன்னு ஆஸ்பத்திரிக்காரங்க உயிரை எடுக்கிறாங்க. படத்தைச் சின்னதாக்கு."

"எவ்வளவு சின்னதா சார்?"

"போற அளவுக்கு."

இரண்டு எண்களை மாற்றினான். ஒன்று படத்தின் அகலம், மற்றொன்று தரம். தன் உள்ளங்கையைப் படம் எடுத்து அனுப்பிப் பார்த்தான். ரேகைகள் தெரிந்தன. போதும் என்று தோன்றியது. விரலை எடுப்பதற்குள் டிக் விழுந்தது. மேலாளர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒருநாள் அண்ணி போன் செய்தாள்.

"தம்பி, நடுவிரல் ஓரத்துல கருப்பா இருக்கு. டாக்டர் அதப் பத்தி ஒண்ணும் எழுதல. மாற்றம் இல்லைன்னு போட்டிருக்காரு."

"இருங்க, பாக்கிறேன்."

சர்வரில் அண்ணனின் படத்தைத் திறந்தான். விரலோரம் மங்கலான பழுப்பு.

"நிழல் அண்ணி. ஜன்னல் பக்கம் திருப்பி எடுங்க."

"நிழல்னா காலத் திருப்பினா நகரணும்ல?"

"டாக்டரே பாத்துட்டாரு. அவருக்குத் தெரியாததா?"

"சரி. நீங்க சொன்னா சரி."

ஜன்னல் பக்கம் திருப்பி எடுத்தாள். தினமும் டிக் விழுந்தது. புண்ணிலிருந்து வாடை வந்த அன்று அவள் பக்கத்தைத் திறக்கவில்லை. அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு விரலோட போயிருக்கும்மா," என்றார் டாக்டர். "படத்துல ஒண்ணுமே இல்லையே."

தம்பி வரும்போது காட்டலாம் என்று, கருப்பு தெரிந்த அன்றைக்கே அண்ணி செல்போன் கேமராவிலும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். அதைக் காட்டினாள். டாக்டர் விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது எனக்கு வரல."

"டிக் விழுந்துச்சு டாக்டர்."

இரண்டு பேரும் கூட நின்ற தம்பியைப் பார்த்தார்கள். "செக் பண்றேன்," என்றான்.

அண்ணி எடுத்த படத்தை வாங்கிக்கொண்டு அலுவலகம் போய், சர்வரில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். ஒன்றில் கருப்பு தனியாக, விளிம்போடு இருந்தது. மற்றதில் அது தோலோடு கலந்து போயிருந்தது. எண்களைப் பழையபடி மாற்றினான். அண்ணிக்குப் போன் செய்து சொன்னான்.

"படம் சின்னதா போயிட்டிருந்துச்சு அண்ணி. சரி பண்ணிட்டேன்."

யார் சின்னதாக்கியது என்று அவள் கேட்கவில்லை.

சக்கரம் மறுபடி சுற்றியது. மேலாளர் வந்தார்.

"யாரு இதத் தொட்டது?"

"சின்னப் படத்துல புண்ணு தெரியல சார். எங்க அண்ணன் காலு போச்சு."

மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேக்கவே கஷ்டமா இருக்கு," என்றார். பிறகு, "படமே போகலன்னா மட்டும் என்ன தெரியப் போகுது? ஒப்பந்தம் முடியிற நேரம். மறுபடி சின்னதாவே வச்சிடு. வீட்டுக்குப் போ, அண்ணனைப் பாரு."

வைத்தான். அதற்கு முன் நிரலில் ஒரு வரி எழுதினான். நோயாளி எண் அண்ணனுடையதாக இருந்தால் மட்டும் படத்தைச் சுருக்காதே.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, அதிலும் புண் வந்துவிடுமோ என்று அண்ணி வலது காலைப் படம் எடுக்க ஆரம்பித்தாள். தம்பி போயிருந்த அன்று சக்கரம் நெடுநேரம் சுற்றியது.

"பெருசா போகுது அண்ணி. அதான்."

"மிச்சம் இருக்கிற காலுக்கு மரியாதையப் பாரு," என்றான் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரில பக்கத்து ரூம்ல ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்களும் இதுலதான் அனுப்புறாங்க," என்றாள் அண்ணி. "நேத்து பேசினேன். அவங்களுக்குச் சுத்துறதே இல்லையாம். கைய எடுக்கறதுக்குள்ள டிக் விழுந்துடுதாம்."

தம்பி செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாருக்கும் மாத்திட்டீங்கல்ல?"

"மாத்தியாச்சு அண்ணி. அவங்க வீட்ல சிக்னல் நல்லா இருக்கும்."

டிக் விழுந்தது. அண்ணி அதைப் பார்க்கவில்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அண்ணனின் காலை மடியில் எடுத்து, ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்தாள்.