அரை கிலோமீட்டர் தள்ளி

ஆபீசில் எனக்கு 'சரிவு மேடம்' என்று பெயர். மலைச்சரிவில் வீடு கட்ட யார் மனுப் போட்டாலும் அது என் மேசைக்குத்தான் வரும். சரிவு கூடக்கூட வீடு குறைய வேண்டும் என்பது விதி. நூறடி நடந்தால் இருபதடி ஏறுகிற இடத்தில் ஏக்கருக்கு ஒரு வீடு. முப்பதடி ஏறினால் ஐந்து ஏக்கருக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் ஒன்றுமே கிடையாது. இதை இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கிறவர்கள் இப்போதுதான் காதில் விழுவதுபோல் கேட்பார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான். பிறக்கும்போதே சிடுமூஞ்சி என்று என் வீட்டுக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஊருக்கு வடக்கே முன்னூறு ஏக்கரில் ஒரு மலை. அதற்கு மேலே காடு, கீழே ஆறு. கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றியதும் மான்கள் இந்த மலை வழியாகத்தான் ஆற்றுக்கு இறங்கும். மலையை வாங்கிய பில்டர் சரிவெங்கும் பரப்பி நூற்றெண்பது வீடு கேட்டார். ஐம்பத்திரண்டுக்கு மேல் ஒன்றுகூட முடியாது என்றேன். அந்த ஐம்பத்திரண்டையும் மேற்கு மூலைப் பள்ளத்தில் நெருக்கிக் கட்ட வேண்டும். மீதி இருநூற்றெழுபது ஏக்கரை எந்தக் காலத்திலும் யாரும் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூன்று வருஷம் இழுத்தது. அவர் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தார், நான் விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்தேன். கூட்டம் கூட்டமாகப் பேசிப் பேசி, கடைசியில் அவருக்கே அலுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் சின்னப் பிள்ளை மாதிரி எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு போனேன். வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருஷத்தில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்த மான்களை எண்ணுகிறவள் என் தங்கை. அதுதான் அவளுக்கு உத்தியோகம். எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டு, வருஷத்தில் பாதி நாள் தொலைநோக்கியும் நோட்டுமாக மலையில் கிடப்பாள். வீட்டுக்காரர் அவளைக் 'கணக்குப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்.

"கணக்குப்பிள்ளை, இன்னைக்கு எத்தனை உருப்படி?"

"அறுபத்தி மூணு மாமா. உங்களச் சேத்தா அறுபத்தி நாலு."

வீட்டில் இப்படிச் சிரிப்பும் கேலியும் இருக்கும். ஆனால் அந்த மலை ஃபைலைப் பற்றி மட்டும் நான் வாயே திறந்ததில்லை. கூடப் பிறந்தவளுக்குக் காட்டினாள் என்று பில்டரின் வக்கீல் சொல்லிவிடக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தேன். அவளும் கேட்டதில்லை. அக்கா பார்த்துக்கொள்வாள் என்று இருந்தாள். கடைசி வருஷம் முழுக்க வேறொரு காட்டில் கணக்கெடுப்புக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே மலைக்குப் போனாள். பதினோரு மணிக்கெல்லாம் இறங்கி வந்துவிட்டாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அக்கா, மேற்குப் பள்ளத்துல கல் நட்டிருக்காங்க."

"ஆமா. அங்கதான் வீடு வருது."

"வீடு கிழக்கால வரும்னுல்ல நினைச்சேன். நீ எந்த மேப்ப வச்சுக் கோடு போட்ட?"

"உங்க ஆளுங்க அனுப்பின மேப்தான். ஃபைல்லயே இருந்துச்சே."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

விலங்குகளை எண்ணுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிற எந்தக் காகிதத்திலும் மிருகங்கள் நடக்கிற உண்மையான தடத்தைப் போட மாட்டார்கள். போட்டால் வேட்டைக்காரன் அதைப் பார்த்துக் கண்ணி வைத்துவிடுவான். அதனால் தடத்தை வேண்டுமென்றே தள்ளிப் போடுவார்கள். இந்த மலையில் மேற்குப் பள்ளத்துத் தடத்தை அரை கிலோமீட்டர் கிழக்கே தள்ளியிருந்தார்கள். நிஜமான மேப்பை நாலு வருஷத்துக்கு முன்னால் என் தங்கையே ஒட்டிய கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள். "ஃபைல்ல வைக்காத அக்கா, பத்து பேர் கை படும்" என்றாள். நான் அதை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு பத்திரமாக வைத்ததில் எனக்கே மறந்துபோயிற்று. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். மூன்று வருஷமும் ஃபைலில் இருந்த பொய் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு பில்டரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

நேரில் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். கிழக்குச் சரிவில் தரையில் கிடந்த புழுக்கையைக் காட்டி, மான் நடமாட்டம் இருக்கிறது என்று கூடவே குறிப்பும் எழுதினேன். அது ஆட்டுப் புழுக்கை என்று அன்றைக்குச் சமையலறையில் என் தங்கை சொல்லித்தான் தெரியும். அந்தச் சரிவின் அடியில் பழைய கல்குவாரி, பனைமர உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி விட்டிருக்கிறது. மான்தானே, எப்படியாவது இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். படித்த முட்டாள்.

மறுநாள் மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். கோட்ட மாத்தணும். வீட்டையெல்லாம் கிழக்கால தள்ளிட்டா போதும்."

"மாத்தணும்னா ஒப்பந்தத்த ரத்து பண்ணணும். ரத்து பண்ணுனா புது விதிதான் பேசும். புது விதில சரிவுக் கணக்கே இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். போன மாசம்தான் வந்தது. எந்தச் சரிவிலும் எத்தனை வீடு வேண்டுமானாலும் கட்டலாம். அந்த மலையைக் காப்பாற்றுவது பழைய விதியில் போட்ட இந்த ஒரு ஒப்பந்தம் மட்டும்தான். அதைத் தொட்டால் பில்டருக்கு நூற்றெண்பது என்ன, இருநூறே கிடைக்கும்.

"இன்னும் முப்பது நாளுக்கு யார் ஆட்சேபம் எழுதினாலும் ஒப்பந்தம் விழுந்துடும். உங்க தங்கச்சி எழுதுவாங்களா?" என்று கேட்டார்.

நான் பில்டரையும் போய்ப் பார்த்தேன். தானாக மனசு வைத்து மாற்றிக் கட்ட மாட்டாரா என்று ஒரு நப்பாசை. அவர் எனக்கு டீ வரவழைத்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மேடம், பாதி மனைக்கு மேல வித்தாச்சு. இனி நான் நினைச்சாலும் நகத்த முடியாது. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பள்ளம் ஈரம், அங்க வீடே வேண்டாம்னு என் மொத பிளான்ல சும்மாதான் விட்டிருந்தேன். நீங்கதான் அங்க கட்டுன்னு மூணு வருஷம் ஒத்தக்கால்ல நின்னீங்க."

உண்மைதான். அந்த முதல் பிளானை நான்தான் அவர் கண்முன்னாலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அறுபத்து மூன்று மான்களின் தலையில் போட்டேன். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் கேட்க வேண்டியதாயிற்று. மாடியில் அவள் அறை முழுக்க நோட்டுகள். ஒன்பது வருஷக் கணக்கு. தேதி, நேரம், எத்தனை பெட்டை, எத்தனை குட்டி. நான் வாசல்படியிலேயே நின்றேன்.

"ஆட்சேபம் எழுதப் போறியா?"

"எழுதி வச்சிருக்கேன்."

"எழுதினா எல்லாம் போயிடும். மலை முழுக்க வீடு வரும். இப்ப இருநூத்தி எழுபது ஏக்கர் வெறும் இடமாவாவது இருக்கும்."

"வெறும் இடத்த வச்சு என்னக்கா பண்ண? ஆத்துக்கு எறங்க வழி இல்லையே."

"வேற தடம் கண்டுபிடிச்சுக்காதா?"

"அதுங்களுக்கு அது அம்மா காட்டின வழி. வேற தெரியாது."

நான் அழுதுவிட்டேன். எங்களைப் பெற்றவள் செத்தபோதுகூடத் தங்கை முன்னால் அழாதவள் நான். "என்ன மன்னிச்சிடு" என்றேன். அவள் மேசையிலிருந்த தாளை எடுத்து, நாலாக மடித்து, ஒரு நோட்டுக்குள் செருகினாள். முப்பது நாளும் கடந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை. சாப்பாட்டுக்கு இறங்கி வருவாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். என் வீட்டுக்காரர் ஒருநாள் பழக்கதோஷத்தில், "கணக்குப்பிள்ளை, எத்தனை உருப்படி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பள்ளத்தை நிரவினார்கள். மேல்பக்கம் மலையை வெட்டிச் சாலை போட்டு, அந்த வெட்டின் மேல் விளிம்பில் ஐந்தடிச் சுவர் எழுப்பினார்கள். மலையில் மதில் ஐந்தடிக்கு மேல் போகக்கூடாது, மிருகங்கள் தாண்டிப் போக வேண்டும் என்பதும் விதிதான். பழைய விதிகளில் தப்பிப் பிழைத்தது அது ஒன்று. எழுதியது நான். ஐம்பத்திரண்டு வீட்டிலும் ஆள் வந்தார்கள். நல்ல ஜனங்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே வெறும் மலை தெரிகிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

இரண்டாவது கோடையில் அவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று என் மேசைக்கு வந்தது. மான்கள் அத்துமீறி உள்ளே குதிக்கின்றன, அவற்றுக்கென்று எதிரே இருநூற்றெழுபது ஏக்கர் ஒதுக்கப்பட்டிருந்தும் அங்கே போவதில்லை, சுவரை எட்டடியாக உயர்த்திக்கொள்ள விதிவிலக்குத் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எழுத்தில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வாரம் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். முடியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதையாவது செய்வோம் என்று.

அன்று மத்தியானம் என் தங்கை ஆபீசுக்கு வந்தாள். மனுதாரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால்சட்டையில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"சுவர் மனு வந்திருக்காமே?"

"வந்திருக்கு. குடுக்க மாட்டேன். ஐஞ்சடியா இருந்தாத்தான் தாண்டிப் போகும்."

"தாண்டுதுக்கா. அந்தப் பக்கம் பத்தடி பள்ளம்னு அதுங்களுக்குத் தெரியாது. ரோட்டுல விழுந்து கால் ஒடிஞ்சு கெடக்குது. இந்த வாரம் ஏழு. ஒண்ணு சாக ரெண்டு நாள் ஆச்சு, பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எட்டடின்னா குதிக்காது. பாத்துட்டுத் திரும்பிடும்."

"திரும்பி எங்க போகும்? காட்டுலதான் தண்ணி இல்லையே."

"இல்ல."

அவள் மனுவைத் தன் பக்கம் இழுத்துப் படித்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினாள்.

"போடுக்கா. தாகத்துல சாவுறதாவது காட்டுக்குள்ள நடக்கும். நான் பாக்க வேண்டாம்."

எட்டடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.