யார் முதலில் கரையேறுவது

என் கணவர் பிராங்க்ளினும் அவருடைய அண்ணன் சவரிநாதனும் புத்தூர் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பியதிலிருந்து பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கொள்ளிடத்தில் மீன் பிடிக்க இருவருக்கும் ஒரே இடம்தான் வேண்டும். இவர் தூண்டிலோடு, அவர் வீச்சு வலையோடு, இடுப்பளவு தண்ணீரில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இந்த அழகைப் பார்க்க நான் சோற்றுத் தூக்கோடு கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்: முக்கொம்பு அணையில் ஷட்டர் திறந்தாயிற்று, ஆற்றில் யாரும் நிற்க வேண்டாம். மற்றவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். இவர்கள் மட்டும் ஏறவில்லை. முதலில் ஏறுகிறவன் இடத்தை விட்டுக்கொடுத்தவனாகிவிடுவானாம்.

“ஏறி வாங்க!” என்று கத்தினேன்.

“முதல்ல அவரை ஏறச் சொல்லு,” என்றார் பிராங்க்ளின்.

“எனக்கு அப்புறம் பொறந்தவன் ஏறட்டும்,” என்றார் சவரிநாதன், அதையும் என்னிடம்தான்.

தண்ணீர் கலங்கி மார்பு வரை வந்தது. அடித்துவந்த ஆகாயத்தாமரை சவரிநாதனின் வலையில் சிக்கி அவரை இழுத்தது. வலைக்கயிற்றை எல்லோரும் சட்டென்று உதறிவிடுகிற மாதிரிதான் கையில் மாட்டிக்கொள்வார்கள். இந்த மனிதர், வலை போய்விடக் கூடாதென்று மணிக்கட்டில் முடிச்சே போட்டிருந்தார். மணல் அள்ளிய பள்ளத்தில் அவர் கால் சறுக்கியது. தலை முங்கி, எழுந்து, மறுபடி முங்கியது.

பிராங்க்ளின் தூண்டிலை எறிந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். அவருக்கு நீச்சல் தெரியாது.

“அவரை விட்டுட்டு நீங்க வாங்க!” என்று அலறினேன்.

அவர் கேட்கவில்லை. ஆழம் பார்க்கப் பக்கத்தில் ஊன்றி வைத்திருந்த மூங்கில் கழியால் தரையைக் குத்திப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனார். பள்ளத்துக்கு இப்பால் நின்று கழியை நீட்டி, அண்ணனைக் கிட்டே இழுத்து, இடுப்பில் செருகியிருந்த மீன் கத்தியால் கயிற்றை அறுத்தார். வலை ஆற்றோடு போனது.

கரையில் தண்ணீரைக் கக்கி முடித்த சவரிநாதன் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“விட்டுட்டு வரச் சொன்னியே, எனக்குக் கேட்டுச்சு.”

பிராங்க்ளின் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கென்ன வெட்கம்?

“கேக்கணும்னுதான் கத்தினேன், மாமா. உங்க வலைக்கு என் தாலியைக் கேட்டா, அடுத்த தடவையும் அப்படித்தான் கத்துவேன்.”