சங்கிலி கழன்ற கதை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், தரைத்தள வீட்டுத் தைஸ்தோ ஒருநாள் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"அன்னிக்குச் சங்கிலி கழலவே இல்ல, தெரியுமா?"

சொல்லிவிட்டு டயருக்குக் காற்றடிக்கக் குனிந்துகொண்டார். பின்லாந்தின் ஔலு நகரத்தில் பத்தொன்பது குளிர்காலங்களைத் தள்ளியவன் நான். இந்த ஊர்க்காரர் ஒருவர் கேட்காமலே வாயைத் திறந்து இவ்வளவு சொன்னால், அது மரண வாக்குமூலம் மாதிரி. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: 'ஜனவரி விடியலில் பனி வெள்ளைப் போர்வையாக—'

வேண்டாம். இங்கே பனியை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. வாரித் தள்ளவேண்டிய சாமான், அவ்வளவுதான்.

இரண்டாவது: காலை ஏழு மணி, மைனஸ் இருபத்து மூன்று. இசைப் பள்ளிக்கூடத்தில் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் தைஸ்தோ, வயது அறுபத்து மூன்று, சைக்கிளில் வேலைக்குப் போக உடுத்திக்கொண்டிருந்தார்.

இது இருக்கட்டும்.

உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி. அதன்மேல் இன்னொரு கம்பளி. அதன்மேல் காற்றுப் புகாத மேல்சட்டை. தலைக்கவசத்துக்குள் அடங்குகிற மெல்லிய குல்லாய். போதும். (வந்த புதிதில் நான் நாலு பருத்திச் சட்டையும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு மிதித்தேன். வியர்த்துக் கொட்டியது. சிக்னலில் நின்றதும் அந்த வியர்வையே முதுகில் சில்லிட்டு உறைந்தது. "கிளம்பறப்ப குளிரணும்யா. கதகதன்னு இருந்தா தப்பா உடுத்தியிருக்கேன்னு அர்த்தம்" என்று தைஸ்தோ சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

3

இவ்வளவு தெரிந்த மனிதருக்குத்தான் போன ஜனவரியில் வலது கையில் இரண்டு விரல்நுனிகள் உறைந்து கறுத்துப்போயின. இன்னொரு தடவை இப்படி ஆனால் வெட்டவேண்டியதுதான் என்றார் டாக்டர். எப்படி ஆயிற்று என்று மனைவி ஹெல்வி கேட்டதற்கு, "சங்கிலி கழண்டுபோச்சு. கையுறையக் கழட்டிட்டு மாட்டினேன்" என்று சொல்லிவைத்தார்.

நடந்தது வேறு. ஹெல்வி பின்னிக் கொடுத்த கம்பளிக் கையுறையை, ஹெல்வி சொன்னபடியே, தோல் கையுறைக்குள் திணித்துப் போட்டிருந்தார். இரண்டும் சேர்ந்து இறுக்கியதில் ரத்தம் நுனிவரை ஓடவில்லை. பாவம், ஆசையாகப் பின்னியது, அதை எப்படிச் சொல்வது? பழியைச் சைக்கிள்மேல் போட்டுவிட்டார். ஒரு வருஷமாக ஹெல்விக்கு அந்தச் சைக்கிளைக் கண்டாலே ஆகாது.

4

"சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தர் வர்றார், வண்டியப் பாக்க" என்றார் ஹெல்வி. மேசைமேல் புதிதாக ஒரு பஸ் அட்டையும் இருந்தது.

"எந்த வண்டிய?"

"இந்த வீட்ல எத்தன சனியன் இருக்கு? விரல் போனா அப்புறம் மூக்கால சுருதி சேப்பியா?"

"இந்த வருஷம் இறங்கினா அப்புறம் நான் ஏறவே மாட்டேன் ஹெல்வி. எனக்கு என்னைப் பத்தித் தெரியும்."

"சரி, இன்னிக்கு ஒருநாள் போ. கடைசியா. ஆனா உள்ள இதப் போட்டுக்கிட்டுப் போ."

கையில் அதே சாம்பல்நிறக் கம்பளிக் கையுறை.

(ஹெல்விக்கு உண்மை முன்பே தெரிந்திருக்குமோ என்று இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. தெரிந்திருந்தால் எனக்கு வேலை மிச்சம். அதனாலேயே அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். ஹெல்விக்குத் தெரியாது.)

5

ஒரு வழி: போட்டுக்கொண்டு கிளம்பி, தெருமுனையில் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவது. விரல் தப்பும். ஆனால் ஆறு மணிக்கு வண்டி போய்விடும்.

இன்னொரு வழி: 'தைஸ்தோ பஸ் நிறுத்தத்தில் நின்றபடி—' இதை மூன்று நாள் எழுதிப் பார்த்தேன். அந்த மனிதர் வீட்டைவிட்டு நகரவே இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. பஸ்ஸில்தான் போங்களேன், கதை முடியட்டும்! ஊஹூம். பிடிவாதம்.

மிச்சமிருந்தது ஒன்றுதான்.

6

"சங்கிலி கழலல."

"என்ன?"

"போன வருஷம். சங்கிலி கழலல. இதையும் தோலையும் ஒண்ணா மாட்டினதுல கை இறுகிப்போச்சு. வண்டிமேல ஒரு தப்பும் இல்ல."

'ஹெல்வியின் கண்கள் குளமாக—' இல்லை. ஹெல்வி கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த இடத்துல தெரிஞ்சுது?"

"பாலத்துக்கிட்ட. விரல் இருக்கா இல்லையான்னே தெரியல."

"பாலத்துலேர்ந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர்."

"ஆமா."

"நாலு கிலோமீட்டர்! ஏன்யா கழட்டல?"

தைஸ்தோ தரையைப் பார்த்தார்.

"நீ போட்டுவிட்டதாச்சே."

7

இதற்கு ஹெல்வி என்ன சொன்னார் என்று ஆறு விதமாக எழுதினேன். ஒன்றில் திட்டினார், ஒன்றில் கட்டிக்கொண்டார், ஒன்றில் பேசாமல் காப்பி ஊற்றினார். எதுவும் பொருந்தவில்லை. அன்பினால் சொன்ன பொய்க்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. என் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி இங்கே பேச்சு வேண்டாம்.

ஏழு இருபதுக்கு ஆணி பதித்த டயர்கள் உறைபனியைக் கடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அது நிச்சயம். கையில் விரல் பிரியாத, பெரிய, தொளதொளத்த தோலுறை மட்டும்தான். அதுவும் நிச்சயம். மனிதர் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு நேராகப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்து, வண்டியை நிலவறையில் வைத்துவிட்டு அவர் கடைக்குப் போய்விடுவார். வண்டி பார்க்க வருகிறவர் ஆறுக்கு வருவார். வீட்டில் ஹெல்வி மட்டும். நிலவறைச் சாவி ஆணியில் தொங்குகிறது. வந்தவரிடம் ஹெல்வி என்ன சொல்வது என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் மனம் நோகக்கூடாதென்று யாராவது தன் வலியை உங்களிடமே மறைத்திருந்தால், அந்தப் பதில் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

வாசல் மணி அடிக்கிறது. போய்க் கதவைத் திறங்கள்.